மேளத்துக்குப் புதுத் தோல் போடலாம், காதுக்கு?

தைப்பூச இரவில் காவடிக்கு முன்னால் செல்லும் உறுமி மேளத்தைக் கேட்டிருப்பீர்கள். ஹெவி மெட்டல் இசைக்குழுவின் டிரம்மர் இரு கைகளும் இரு கால்களும் ஓயாமல் வாசிப்பதைக் காணொளியிலாவது பார்த்திருப்பீர்கள். ஒருவர் வாசிப்பது கோயில் வாசலில், மற்றவர் வாசிப்பது மின்விளக்கு மேடையில். ஆனால் வாசிக்கத் தொடங்கும் முன் இருவரும் தயார்ப்படுத்த வேண்டியவை மூன்றுதான்: கருவி, உடல், காது.

கோல சிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா, தஞ்சோங் காராங், சபாக் பெர்ணம் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இந்த மேளம் புதிதல்ல. பெஸ்தாரி ஜெயாவின் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917-இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடவு தொடங்கியது. அத்தகைய தோட்டங்களில் எழுந்த மாரியம்மன் கோயில்களின் திருவிழாக்களில் மேளம் முழங்கியது. தோட்டத்தை விட்டுத் தாமான்களுக்குக் குடிபெயர்ந்த பிறகும் இளைஞர்கள் மேளத்தை விடவில்லை. உங்கள் வகுப்பிலேயே ஓர் உறுமிக்காரர் இருக்கலாம். ஏன், அது நீங்களாகவே இருக்கலாம்.

முதல் வேலை: தோல்

ஆட்டுத்தோல், மாட்டுத்தோல் இரண்டிலும் கொலாஜன் என்னும் புரத இழைகள் நிறைந்துள்ளன. இவை காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். கடலும் ஆறும் அருகில் உள்ள கோல சிலாங்கூரில் இரவிலும் விடியற்காலையிலும் காற்றில் ஈரம் மிகுதி. ஈரம் ஏறிய தோல் தளர்கிறது, இழுவிசை குறைகிறது, ஒலி மந்தமாகிறது. அதனால்தான் வாசிக்கும் முன் தப்பின் தோலை நெருப்பில் காட்டுகிறார்கள். வெப்பத்தில் ஈரம் ஆவியாகித் தோல் மறுபடியும் இறுகுகிறது.

எவ்வளவு தளர்ந்தால் எவ்வளவு சுருதி இறங்கும்? மேளத்தோலின் அதிர்வெண், இழுவிசையின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். இழுவிசை 100-லிருந்து 81 ஆகக் குறைந்தால், அதிர்வெண் 10-லிருந்து 9 ஆகக் குறையும். அதாவது ஏறக்குறைய ஒரு முழுச் சுரம் இறங்கிவிடும். மாறாக, அதிர்வெண்ணை இருமடங்காக்க வேண்டுமானால் இழுவிசையை நான்கு மடங்காக்க வேண்டும். அவசரப்பட்டு இறுக்கினால் தோல் கிழிவது ஏன் என்று இப்போது புரியும்.

மெட்டல் டிரம்மருக்கு நெருப்பு தேவையில்லை. 1957-இல் அமெரிக்காவில் பாலியெஸ்டர் படலத்தாலான டிரம் முகங்கள் விற்பனைக்கு வந்தன. பாலியெஸ்டர் ஈரத்தை உறிஞ்சாது. அவர் மேடையேறும் முன் ஒரு சிறு சாவியால் திருகுகளைச் சுற்றி, முகத்தின் எல்லாப் பக்கமும் ஒரே அளவு இறுகும்படி சரிசெய்கிறார். சாவியானாலும் நெருப்பானாலும் அவர்கள் திருத்துவது இழுவிசையைத்தான்.

உறுமிக்கு இன்னொரு தயாரிப்பும் உண்டு. அதன் ஒரு முகத்தை மெல்லிய குச்சியால் அடிக்கிறார்கள், மறுமுகத்தை வளைந்த குச்சியால் தேய்க்கிறார்கள். தேய்க்கும்போது குச்சி ஒரு நொடியின் சிறு பகுதிக்குத் தோலைப் பற்றி இழுக்கிறது, பிறகு நழுவுகிறது, மீண்டும் பற்றுகிறது. வயலின் தந்தியை வில் அதிர வைப்பதும் இதே முறையில்தான். வயலின்காரர் வில்லில் பிசின் தேய்க்கிறார். உறுமிக்காரர் தோலில் விளக்கெண்ணெய் போன்ற பிசுபிசுப்பான ஒன்றைத் தடவுகிறார். உராய்வு குறைந்தால் குச்சி வழுக்கும், கூடினால் சிக்கும். இரண்டுக்கும் நடுவே சரியான அளவு அமைந்தால்தான் அந்த உறுமல் பிறக்கும்.

இரண்டாவது வேலை: உடல்

மேளம் வாசிப்பது கையால் செய்யும் வேலை என்று நினைக்கிறோம். இதயமும் சேர்ந்து உழைக்கிறது. பிளாண்டி ராக் இசைக்குழுவின் டிரம்மர் கிளெம் பர்க்கை இங்கிலாந்தின் சிசெஸ்டர், குளோஸ்டர்ஷையர் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். 2008-இல் வெளியான முடிவுகளின்படி, நிகழ்ச்சியின்போது அவரது இதயம் சராசரியாக நிமிடத்துக்கு 140 முதல் 150 முறை துடித்தது. உச்சத்தில் 190-ஐ எட்டியது. இது ஒரு தொழில்முறைக் காற்பந்து ஆட்டக்காரரின் அளவுக்கு ஈடானது.

மெட்டல் இசையில் நிமிடத்துக்கு 200 தாளம் என்பது அரிதல்ல. ஒரு தாளத்துக்கு நான்கு அடி என்றால் நொடிக்கு 13 அடிக்கு மேல். ஆகவே நல்ல டிரம்மர் மேடையேறும் முன், வலக்கை இடக்கை என மாறி மாறி, மெதுவாகத் தொடங்கிப் படிப்படியாக வேகம் கூட்டுகிறார். தசை சூடானால் இரத்த ஓட்டம் பெருகும், சுருங்கி விரிவது எளிதாகும். உறுமிக்காரரோ கருவியின் பாரத்தையும் தோளில் சுமந்துகொண்டு நடந்தே வாசிக்கிறார். மணிக்கட்டு, தோள், முதுகு மூன்றையும் தளர்த்திக்கொள்ளாமல் தொடங்கினால் மறுநாள் வலி நிச்சயம். விரதம் இருப்பவர்கள் தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல், தொடங்கும் முன்னும் ஓய்வின்போதும் நீர் அருந்த வேண்டும்.

மூன்றாவது வேலை: காது

முதல் இரண்டையும் மேளக் குழுக்கள் ஓரளவு செய்கின்றன. மூன்றாவதைச் செய்பவர்கள் மிகக் குறைவு.

நம் ஒவ்வொரு உட்காதிலும் நத்தை வடிவச் சுருள் ஒன்று உள்ளது. அதில் ஏறக்குறைய 15,000 மயிர்ச் செல்கள் இருக்கின்றன. அவைதான் ஒலியின் அதிர்வை நரம்புச் செய்தியாக மாற்றுகின்றன. பெரும் ஒலி அவற்றைச் சாய்க்கும், தொடர்ந்தால் கொல்லும். கோழியின் காதில் இறந்த மயிர்ச் செல்களுக்குப் பதிலாகப் புதியவை உருவாகின்றன என்று 1980-களில் அறிவியலாளர்கள் கண்டறிந்தார்கள். மனிதக் காதில் அவை மீண்டும் உருவாவதில்லை. தோல் கிழிந்தால் கடையில் வாங்கி மாட்டலாம். இந்தச் செல்களை விற்கும் கடை எங்கும் இல்லை.

மலேசியாவில் 2019-இல் நடப்புக்கு வந்த வேலையிட இரைச்சல் விதிமுறைகள், ஒரு நாளைக்கு 8 மணி நேரச் சராசரியாக 85 டெசிபல் என்ற வரம்பை வகுத்துள்ளன. ஒலி 3 டெசிபல் கூடினால் அதன் ஆற்றல் இருமடங்காகிறது, ஆகவே பாதுகாப்பான நேரம் பாதியாகிறது. 88 டெசிபலில் 4 மணி, 91-இல் 2 மணி, 94-இல் 1 மணி, 97-இல் 30 நிமிடம், 100-இல் வெறும் 15 நிமிடம். ராக் டிரம்மரின் காதருகே 100 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். உங்கள் ஒத்திகையில் எவ்வளவு என்று அறிய ஓர் எளிய சோதனை உண்டு. ஒரு கை நீளத்தில் நிற்பவரிடம் குரலை உயர்த்தித்தான் பேச முடிகிறது என்றால், அங்கே 85 டெசிபலைத் தாண்டியிருக்க வாய்ப்பு அதிகம்.

"கொஞ்சம் தள்ளி நின்றால் போதாதா?" என்று கேட்பீர்கள். திறந்த வெளியில் தூரத்தை இருமடங்காக்கினால் ஏறக்குறைய 6 டெசிபல் குறையும். பார்க்க வருபவர்களுக்கு இது நல்ல வழி. வாசிப்பவர்களுக்கு ஒத்துவராது. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் பயணிக்கிறது. 17 மீட்டர் தள்ளி நிற்பவருக்குத் தாளம் நொடியில் இருபதில் ஒரு பங்கு தாமதமாகக் கேட்கும், வாசிப்பு பிசகும். கம்போங் குவாந்தான் மின்மினிகள் ஆற்றங்கரை மரங்களில் ஒன்றாக மின்னுவதற்கு ஒளியைப் பார்த்துக்கொள்கின்றன. ஒளிக்குத் தாமதம் இல்லை என்றே சொல்லலாம். மேளக்காரர்கள் ஒலியை நம்புகிறார்கள், அதனால் நெருங்கி வட்டமாக நிற்கிறார்கள். நெருங்கி நிற்பதால்தான் காதுக்கு ஆபத்தும் கூடுகிறது.

எஞ்சிய வழி காதடைப்பான். இசைக்கலைஞர்களுக்கான வடிகட்டி வைத்த காதடைப்பான்கள் எல்லாச் சுருதியையும் ஏறக்குறைய சமமாகக் குறைக்கின்றன. 100 டெசிபலை 15 குறைத்தால் 85. பதினைந்து நிமிடம் என்ற எல்லை 8 மணி நேரமாகிறது! மருந்தகங்களில் கிடைக்கும் மலிவான நுரை அடைப்பானும் உதவும். அதை விரல்களால் மெலிதாக உருட்டி, மறுகையால் காதை மேலே இழுத்து, உள்ளே செருகி, அது விரியும்வரை பிடித்திருக்க வேண்டும். பஞ்சு போதாது.

வாசித்து முடித்த பின் காதில் 'ஙொய்' என்று கேட்டால் அதைப் பெருமையாகச் சொல்லாதீர்கள். அது மயிர்ச் செல்கள் அடிபட்டதன் அறிகுறி. மெட்டாலிக்கா குழுவின் டிரம்மர் லார்ஸ் உல்ரிக், தமக்கு இந்தக் காதிரைச்சல் நிலையாகவே தங்கிவிட்டதை வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். அவரை ரசிப்பவர்கள் இதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். அடுத்த ஒத்திகைக்குக் குழுத் தலைவர் அண்ணனிடம் ஒரு பெட்டி நுரை அடைப்பானை நீங்களே நீட்டலாம். மேளத்துக்கு அருகே தோளில் தூக்கிவரும் தம்பி தங்கைகளுக்கும் காது மூடி தேவை என்பதை நினைவூட்டலாம்.

செய்து பாருங்கள்

கழுவிய பால் டின்னின் வாயில் வெட்டிய பலூனை இழுத்து, ரப்பர் வளையத்தால் கட்டுங்கள். டின்னின் ஓரம் கையைக் கீறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பென்சிலால் தட்டுங்கள். பலூனை இன்னும் இறுக்கமாக இழுத்துக் கட்டி மீண்டும் தட்டுங்கள். சுருதி ஏறியதா? இப்போது ஈர விரலை அழுத்தித் தேயுங்கள். வரும் ஒலி உறுமியின் சிறிய தம்பி. பலூன்மேல் சில அரிசி மணிகளைத் தூவி, அருகில் இன்னொரு டின்னைத் தட்டுங்கள். அரிசி துள்ளினால், காற்றில் வந்த அதிர்வு அதை எட்டியிருக்கிறது. உங்கள் செவிப்பறையையும் இப்படித்தான் ஒலி எட்டுகிறது.