பாவம் ஒரு கரை, பரிகாரம் மறு கரை

ராமேஸ்வரத்தில் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள்தான் கடலுக்குப் போகும்: திங்கள், புதன், சனி. மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்காரர்களுக்கு. சனிக்கிழமை டோக்கன் வாங்கிப் புறப்படும் படகு ஞாயிறு காலையில்தான் கரை சேரும். கோயிலில் பூசை மணி அடிப்பதும் அதே நேரம்தான். மீனை இறக்கி, ரகம் பிரித்து, ஐஸ் போட்டு, வியாபாரியிடம் கணக்கு முடித்து, பங்கு பிரித்துவிட்டு வீடு திரும்பும் மனிதருக்குப் பூசையைவிடத் தூக்கம்தான் முக்கியமாகப் படும். கடவுளின் மூன்றாம் கட்டளைக்கும் மீன்பிடி அட்டவணைக்கும் இங்கே வாராவாரம் மோதல். குருக்களும் இதைத் தெரிந்தே வைத்திருக்கிறார்கள். இதற்காக யாரையும் நரகத்துக்கு அனுப்பியதாகக் கேள்விப்பட்டதில்லை.

செபத்துக்கு இந்தக் கரையில் குறைவே இல்லை. படகுகளின் பெயர்களைப் படித்துக்கொண்டே நடந்தால் புனிதர்களின் பட்டியலில் பாதி முடிந்துவிடும். அந்தோனியார், சூசையப்பர், சந்தியாகப்பர், ஆரோக்கிய மாதா. ஓட்டுநர் அறையில் ஒரு படம், அதன் மேல் காய்ந்த மாலை. படகு கடலில் நிற்கும் இரவில் பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் வீடுகளில் செபமாலை ஓடும். காற்று மாறினால் வேகமாகவும் ஓடும்.

நான் எழுத வந்தது செபத்தைப் பற்றி அல்ல, அதைவிடச் சங்கடமான பாவசங்கீர்த்தனத்தைப் பற்றி. நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு ஐந்து காரியங்கள் வேண்டும் என்று ஞானோபதேச வகுப்பில் சின்னப் பிள்ளைகள்கூட ஒப்பிப்பார்கள்: ஆத்தும சோதனை, மனஸ்தாபம், பிரதிக்கினை, பாவங்களைக் குருவிடம் சொல்லுதல், அபராதம் தீர்த்தல். நாலாவதைப் பற்றித்தான் எல்லோருக்கும் பயம். என்னைக் கேட்டால் கடினமானது ஐந்தாவது. செய்த கெடுதலை ஈடுகட்ட வேண்டும். திருடியிருந்தால் திருப்பிக் கொடுக்க வேண்டும். யாருக்குக் கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது என்று வந்தால்தான் மனிதருக்கு இருமல் வரும்.

இந்தக் கரையின் கிறிஸ்தவ வரலாற்றைப் புரட்டினால் ஒரு விநோதம் திரும்பத் திரும்ப வருகிறது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அதுதான். குற்றம் செய்தவர் ஒருவர், அதற்கு ஈடு கொடுத்தவர் வேறொருவர்.

மண்டபத்துக்கு முன்னால் வேதாளை. இன்று பேருந்தில் போகிறவர் கவனிக்காமலே கடந்துவிடும் ஊர். 1549-இல் அங்கே போர்த்துகீசியருக்கு ஒரு சிறு காவல் இருந்தது. அதன் தளபதி ராமேஸ்வரம் போகும் யாத்திரிகர்களை மறித்துச் சுங்கம் வாங்கினார். சாமி கும்பிடப் போகிறவரிடம் வழியில் காசு பறித்தால் எந்த நாட்டிலும் கலவரம்தான். வடுகர் படை வந்தது. தளபதியும் அவர் ஆட்களும் படகேறினார்கள். அன்டோனியோ கிரிமினாலி என்ற இத்தாலிய இயேசுசபைக் குரு மட்டும் கரையில் நின்று, ஊர்ப் பெண்களையும் குழந்தைகளையும் படகுகளில் ஏற்றிக்கொண்டிருந்தார். ஈட்டிக்கு இரையானார். வயது முப்பதுகூட இருக்காது. இயேசு சபையின் முதல் மறைசாட்சி என்று அவரைச் சபை வரலாறு எழுதுகிறது. சுங்கம் வாங்கிய தளபதி என்ன ஆனார் என்று யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.

கிரிமினாலிக்குப் பின் முத்துக்குளித்துறைப் பணிக்குத் தலைவரானவர் என்றிக்கே என்றிக்கஸ், தமிழில் அண்டிறிக்கி அடிகளார். இவர்களுக்கு முன்னால், பிரான்சிஸ் சவேரியார் 1542-இல் இந்தக் கடற்கரைக்கு வந்தபோது அவருக்குத் தமிழ் தெரியாது. தெரிந்தவர்களை வைத்து மந்திரங்களைத் தமிழில் ஆக்கி, மனப்பாடம் செய்து, மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக் கொடுத்தார். அதில் ஒரு நல்ல முறை இருந்தது. ஒவ்வொரு கட்டளையையும் சொன்ன பிறகு, அதைக் கடைப்பிடிக்க வரம் தா என்று எல்லோருமாக ஒரு சிறு செபம் சொல்ல வேண்டும். கட்டளையைத் தனியாகவும் செபத்தைத் தனியாகவும் விடாமல் ஒரே முடிச்சில் போட்டுவிட்டார்.

மந்திரம் சொல்ல மனப்பாடம் போதும். பாவம் கேட்க மொழி வேண்டும். மொழி தெரியாத குரு என்றால் நடுவே துபாஷி நிற்க வேண்டும். கடவுளுக்கும் குருவுக்கும் மட்டும் தெரிய வேண்டியது துபாஷிக்கும் தெரிந்துவிடும். சின்ன ஊரில் இது எங்கே போய் முடியும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அண்டிறிக்கியார் தமிழைப் பிடிவாதமாகப் படித்தார், இலக்கணம் எழுதினார். 1578-இல் கொல்லத்தில் பதினாறு பக்கத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சிட்டார். அச்சுக்கான செலவில் பரதவர்களின் பணமும் உண்டு. அடுத்த ஆண்டு கொச்சியில் ‘கிரிசித்தியானி வணக்கம்’. 1580-இல் ‘கொம்பெசியொனாயரு’. பாவசங்கீர்த்தனம் செய்கிறவருக்கும் கேட்கிறவருக்குமான கையேடு அது. தமிழில் அச்சான முதல் சில புத்தகங்களில் ஒன்று, மனிதன் தன் தவறுகளை எப்படி எண்ணிப் பார்ப்பது என்பதைச் சொல்லும் புத்தகம். தமிழ் அச்சு வரலாற்றைப் பற்றிப் பெருமையாகப் பேசும் மேடைகளில் ‘தம்பிரான் வணக்கம்’ வரும். இது ஏனோ வருவதில்லை. கொஞ்சம் கூச்சமான புத்தகம் என்பதாலோ என்னவோ.

அதில் பத்துக் கட்டளைகளின் வரிசையில் கேள்விகள். இப்படிச் செய்தாயா, அப்படிச் செய்தாயா என்று குரு கேட்கிறார். இதை வேவு பார்த்தல் என்று குறை சொல்லும் வரலாற்றாசிரியர்கள் இருக்கிறார்கள். வாதம் பொய்யில்லை. வெளிநாட்டுக் குரு, அவர் பின்னால் போர்த்துகீசியப் படை, முன்னால் மண்டியிட்டு நிற்கும் முத்துக்குளிப்பவர். சமமான உரையாடல் என்று சொல்ல முடியாது. ஆனாலும் அந்தக் கேள்விகள் வேதசாத்திரத்தைப் பற்றியவை அல்ல. வீடு, தெரு, தொழில், வாய்ச்சொல் பற்றியவை. விசுவாசம் என்பது அன்றாடம் கைகால் செய்யும் காரியம் என்று அந்தப் புத்தகத்துக்குத் தெரிந்திருக்கிறது.

இனி ஓரியூர். அங்கே அருளானந்தர் திருத்தலத்துக்குப் போகிறவர்கள் செம்மண்ணை அள்ளி நெற்றியில் பூசிக்கொள்வார்கள். லிஸ்பனில் 1647-இல் பிறந்த ஜான் டி பிரிட்டோதான் இந்த அருளானந்தர்; காவியுடுத்து மறவர் சீமையில் வாழ்ந்தவர். 1686-இலேயே ஒருமுறை பிடிபட்டு வதைபட்டு, திரும்பி வரக்கூடாது என்ற எச்சரிக்கையோடு விடப்பட்டவர். ஐரோப்பா போய்விட்டு, மறுபடி வந்தார். 1693 தொடக்கத்தில் தடியத்தேவர் என்ற மறவர் குலப் பெரியவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். தடியத்தேவருக்கு மனைவியர் பலர். கிறிஸ்தவரானால் முதல் மனைவியோடு மட்டும் வாழ வேண்டும். மற்றவர்களுக்கு வாழ்வாதாரம் கொடுத்து விலக்கினார். அவர்களில் கடலாயி என்பவர் மறவர் சீமையை ஆண்ட கிழவன் சேதுபதியின் உறவுப் பெண். அவர் போய் முறையிட, பிரிட்டோ கைதானார். அவ்வாண்டு பிப்ரவரி 4-ஆம் தேதி ஓரியூரில் தலை வெட்டப்பட்டது. 1947-இல் திருச்சபை அவரைப் புனிதர் என்று அறிவித்தது.

மறையுரைகளில் கடலாயி வில்லியாக வருவார். எனக்கு அதில் உடன்பாடில்லை. மனந்திரும்பியவர் தடியத்தேவர். அதற்காக வீட்டைவிட்டு வெளியேறியவர் அந்தப் பெண். அவர் யாரிடம் எந்தப் பாவத்தைச் செய்தார்? ஒருவருடைய பிரதிக்கினைக்கு இன்னொருவர் விலை கொடுத்தார். அந்தக் கோபத்துக்கு மூன்றாமவர் உயிரைக் கொடுத்தார். அருளானந்தரின் வீரத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. வெட்டுப்படுவதற்கு முதல் நாள் சிறையிலிருந்து அவர் எழுதிய கடிதத்தில் யார் மீதும் வன்மமில்லை. நாம்தான் முந்நூறு வருஷமாக வன்மத்தைச் சுமந்து, அதையும் ஒரு பெண் தலையில் இறக்கிவைத்திருக்கிறோம்.

இந்தப் பழைய கதைகளைச் சொன்னது இன்றைய கடலுக்கு வருவதற்காக.

தவக்காலத்தில் கச்சத்தீவு அந்தோனியார் திருவிழா. 285 ஏக்கர் தீவு, குடியிருப்பு இல்லை, குடிக்கத் தண்ணீர் இல்லை. முதல் கோயிலை நம்புதாளையைச் சேர்ந்த சீனிக்குப்பன் படையாச்சி என்ற இந்து மீனவர் கட்டியதாகச் சொல்வார்கள். 1974 ஒப்பந்தம் தீவை இலங்கைக்குக் கொடுத்தபோதும், இந்திய யாத்திரிகர்கள் பாஸ்போர்ட், விசா இல்லாமல் வந்துபோகலாம் என்று ஐந்தாம் பிரிவில் ஒரு வாசல் திறந்துவைத்தது. 2016 டிசம்பரில் புதுக் கோயில் அர்ச்சிக்கப்பட்டது. ராமேஸ்வரம் வேர்க்கோடு சூசையப்பர் கோயில் பங்கு இந்தப் பக்கத்து ஏற்பாடுகளைச் செய்கிறது. யாழ்ப்பாணம், நெடுந்தீவு, மன்னாரிலிருந்து அந்தப் பக்கத்தார். கொடியேற்றம், சிலுவைப்பாதை, தேர்ப்பவனி, மறுநாள் காலை திருவிழாப் பூசை. சோப்பு, தைலம், துணிமணி கைமாறும். கொண்டான் கொடுத்தான் உறவுகள் இரண்டு நாள் பேசித் தீர்ப்பார்கள். ஒரே சாமியாரிடம் இரண்டு நாட்டுக்காரரும் வரிசையில் நின்று பாவம் சொல்லலாம்.

அங்கே என்ன சொல்கிறார்கள் என்பது நமக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. குரு உயிர் போனாலும் சொல்லமாட்டார். ஆனால் வரிசையில் நிற்கும் இருவருக்கும் இடையில் என்ன இருக்கிறது என்பது ஊரறிந்தது. இழுவைமடி.

இழுவைமடி கடல் தரையை வாரிக்கொண்டு போகும். இறாலுக்குப் போட்டால் குஞ்சு, பாசி, சங்கு எல்லாம் சேர்ந்து வரும். விலைக்கு ஆகாததைச் சங்காயம் என்று தனியாகக் குவித்துக் கோழித் தீவனத்துக்கு அனுப்புவார்கள். பாக் நீரிணை ஆழமில்லாத கடல். கரையோரம் மூன்று கடல் மைல் சட்டப்படி நாட்டுப்படகுக்கு. அதைத் தாண்டினால் கொஞ்ச தூரத்திலேயே எல்லைக்கோடு. இறால் அந்தப் பக்கம். உள்நாட்டுப் போர்க் காலத்தில் அந்தப் பக்கத்து மீனவருக்குக் கடலே தடை. 2009-க்குப் பின் கடன் வாங்கி வலை வாங்கி அவர்கள் இறங்கினால், இரவில் விசைப்படகு வந்து வலையை அறுத்துக்கொண்டு போகிறது. வடக்கு மாகாணத்தின் பேசாலையிலும் குருநகரிலும் வலை இழந்தவர் வீட்டிலும் அந்தோனியார் படம்தான் தொங்குகிறது. (குருநகரிலும் இழுவைப் படகுகள் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) இலங்கை 2017-இல் இழுவைமடியைச் சட்டத்தால் தடை செய்தது.

இந்தப் பக்கத்து ரணமும் சின்னதல்ல. துப்பாக்கிச் சூடு, சிறை, பறிமுதல். 2017 மார்ச்சில் தங்கச்சிமடத்து இளைஞர் ஒருவர் கடலில் சுடப்பட்டு இறந்தார். அந்த ஆண்டுத் திருவிழாவுக்கு இங்கிருந்து போகவில்லை. 2024-இல் படகோட்டிகளுக்கு இலங்கை நீதிமன்றம் சிறைத் தண்டனை கொடுத்ததைக் கண்டித்து மறுபடி புறக்கணித்தார்கள். துக்கம் நியாயமானது. ஆனால் இரு கரையும் சேர்ந்து மண்டியிடும் ஒரே இடத்தைப் புறக்கணிப்பது எனக்கு உறுத்துகிறது.

ஏழாம் கட்டளை திருடாதே என்கிறது. வலையை அறுத்தது திருட்டா, விபத்தா? அறுத்தது யார்? மடியை இறக்கிய கூலி மீனவர், சொன்ன இடத்துக்குப் போன ஓட்டுநர், கரையில் இருக்கும் முதலாளி, இறாலை வாங்கிய ஏற்றுமதிக்காரர், ஒரு காலத்தில் விசைப்படகை வளர்ச்சி என்று ஊக்குவித்த அரசு. பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குள் ஒருவர்தான் மண்டியிட முடியும். ஐந்து பேர் சேர்ந்து செய்ததை ஒருவர் எப்படிச் சொல்வார்? அவர் தன் கோபத்தையும் குடியையும் கெட்ட வார்த்தையையும் சொல்லிவிட்டு, மூன்று அருள்நிறை மந்திரத்தோடு எழுந்து வருவார். மடி கணக்கில் வராது.

போப் பிரான்சிஸ் 2015-இல் எழுதிய ‘லவுதாத்தோ சீ’ சுற்றுமடலில், பிடித்ததில் பெரும்பகுதியைக் கழித்துக்கட்டும் மீன்பிடி முறையைப் பெயர் சொல்லாத குறையாகக் கண்டித்திருக்கிறார். சங்காயக் குவியலைப் பார்த்தவருக்கு விளக்கம் தேவைப்படாது. 2019 அமேசான் ஆயர் மன்றம் சூழலுக்கு எதிரான பாவம் என்றே ஒன்றை வரையறுக்கலாம் என்று சொன்னது. சுற்றுமடல் ரோமிலிருந்து பங்குக் கோயில் வரை வந்துவிட்டது. ஜெட்டிக்கு இன்னும் வரவில்லை.

பிரதிக்கினை எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் பாம்பன் சின்னப்பாலத்துக்குப் போகலாம். கடல்பாசி எடுக்கும் பெண்கள், மாதத்தில் பன்னிரண்டு நாள் மட்டும் இறங்குவது என்று தங்களுக்குள் கட்டுப்பாடு போட்டுக்கொண்டார்கள். பாசி மறுபடி வளர வேண்டும் அல்லவா? அவர்களில் ஒருவரான லட்சுமி மூர்த்திக்கு 2015-இல் சீகாலஜி விருது கிடைத்தது. அது ஞானோபதேசம் படித்து எடுத்த முடிவு அல்ல.

ஆண்கள் முயலவில்லை என்றும் இல்லை. 2010 ஆகஸ்டில் இரு கரை மீனவர்களும் சென்னையில் உட்கார்ந்து பேசி, ஓராண்டில் இழுவைமடியை நிறுத்துவது என்று ஒப்புக்கொண்டார்கள். அரசுகள் பின்னால் நிற்கவில்லை. பேச்சு காகிதத்தோடு போயிற்று. 2017-இல் இந்திய அரசு ஆழ்கடல் திட்டம் கொண்டுவந்தது. 80 லட்ச ரூபாய்ப் படகு, எழுபது சதம் மானியம், இருபது சதம் வங்கிக் கடன், பத்து சதம் கைப்பணம். பாக் நீரிணையிலிருந்து 2,000 இழுவைப் படகுகளை எடுப்பது இலக்கு. இலக்குக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை. காரணம் பணம் மட்டுமல்ல. ஆழ்கடல் என்றால் தூண்டில், செவுள்வலை, வாரக்கணக்கில் கடலில் இருப்பு. ஓர் இரவில் போய் மறுநாள் காலை வந்து பழகிய மனிதருக்கு அது வேறு தொழில், வேறு வாழ்க்கை. பங்குக்குப் போகும் கூலி மீனவரை அதற்கு யாரும் பழக்கவுமில்லை, அவரைக் கேட்கவுமில்லை. முதலாளிக்காவது விண்ணப்பப் படிவம் உண்டு. அறுந்த வலைக்கு ஈடு கேட்டு நிற்கும் அந்தப் பக்கத்து மீனவருக்கும், மடியை விடத் தயாராயிருந்து மாற்று வழி தெரியாமல் நிற்கும் தங்கச்சிமடத்துக் கூலிக்காரருக்கும் அந்தத் திட்டத்தில் எந்த வரியும் இல்லை.