ஓடும் வீட்டில் இரட்டைத் தவா

கேரவன் என்றதும் நம்மில் பலருக்கு நினைவு வருவது, படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்களுக்காக நிற்கும் குளிர்சாதன வண்டிதான். குடும்பத்தோடு ஏறி, போகிற வழியில் சமைத்துச் சாப்பிட்டு, வண்டியிலேயே படுத்து ஊர் சுற்றும் வழக்கம் இப்போதுதான் மெல்லப் பரவுகிறது. கேரள அரசு 2021-இல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே தனிக் கொள்கை அறிவித்தது. பெங்களூரு போன்ற நகரங்களில் படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் வைத்த வண்டிகள் நாள் வாடகைக்குக் கிடைக்கின்றன. அப்படி ஒரு வண்டியை எடுப்பவர்கள் முதலில் தேடுவது, அந்தச் சின்ன இடத்தில் என்ன பாத்திரம் வைப்பது, எதைச் சமைப்பது என்பதைத்தான். அதற்கு வெளிநாட்டு வீடியோக்களைப் பார்ப்பதைவிட, காரிமங்கலம் பக்கம் நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு மாலை நேரம் நின்றால் அதிகம் கற்றுக்கொள்ளலாம்.

ஸ்ரீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடியும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில், கிருஷ்ணகிரிக்கும் தருமபுரிக்கும் நடுவே இருக்கிற ஊர் காரிமங்கலம். சாலைகளுக்குப் புது எண் கொடுப்பதற்கு முன்பு இதுவே வாரணாசி–கன்னியாகுமரி 7-ஆம் எண் சாலை. பெங்களூரு, ஓசூர்ப் பக்கமிருந்து சேலம், நாமக்கல், மதுரை என்று தெற்கே இறங்குகிற சரக்கில் பெரும்பகுதி இந்த வழியாகத்தான் போகிறது. இன்னும் கொஞ்ச தூரத்தில் தருமபுரி. அதைத் தாண்டினால் தொப்பூர் இறக்கம். வளைவும் சரிவும் சேர்ந்த அந்தக் கணவாயில் எத்தனை லாரிகள் பிரேக் பிடிக்காமல் போய் மோதியிருக்கின்றன என்பது செய்தித்தாள் படிக்கிற எல்லோருக்கும் தெரியும். கண் சொக்கிய நிலையில் இறங்கக் கூடாத இடம் அது. நள்ளிரவில் எண்ணெய் மிதக்கும் சால்னாவோடு நாலு பரோட்டா தின்றுவிட்டு ஸ்டியரிங் பிடிப்பவருக்குக் கண் சொக்காமல் என்ன செய்யும்? தானே ஆக்கித் தின்பதில் காசு மிச்சமாவது ஒரு பக்கம். வயிறு லேசாக இருப்பது அதைவிட முக்கியம்.

லாரிக்காரர்களின் சமையலறை, வண்டியின் பக்கவாட்டில் தொங்கும் டூல் பாக்ஸில் இருக்கிறது. ஜாக்கி, ஸ்பேனருக்குப் பக்கத்துப் பெட்டியில் ஒரு பம்ப் ஸ்டவ் அல்லது 5 கிலோ கேஸ் சிலிண்டர், ஒரு குக்கர், ஒரு வாணலி, அரிசி, பருப்பு, புளி, மிளகாய்த்தூள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, பின் டயரின் மறைவில் அடுப்பை வைப்பார்கள். பஞ்சாப், ராஜஸ்தான் பதிவு எண் வண்டிகள் நின்றால் அங்கே ரொட்டியும் பருப்பும் வேகும். நாமக்கல், சங்ககிரி வண்டிகள் என்றால் சோறும் ரசமும், கூட ஒரு முட்டையோ கருவாடோ.

இவர்களைவிட முழுமையான ஓடும் சமையலறை திருச்செங்கோட்டுப் போர்வெல் வண்டிகளுடையது. இந்தியாவின் எந்த மூலையில் ஆழ்துளைக் கிணறு போட்டாலும் திருச்செங்கோட்டு ரிக் ஒன்று அங்கே நிற்க வாய்ப்பு அதிகம். ரிக் வண்டிக்குப் பின்னாலேயே குழாய்களும் ஆட்களும் ஏறிய துணை லாரி வரும். அதில்தான் அரிசி மூட்டை, அடுப்பு, பாத்திரம், சமையலுக்கென்றே ஓர் ஆள். மாதக்கணக்கில் ஊர் திரும்பாமல் மத்தியப் பிரதேசத்திலோ சத்தீஸ்கரிலோ வேலை செய்கிறவர்களுக்கு அந்த லாரிதான் வீடு. மோட்டார் ஹோம் என்ற பெயரை யாரும் அதற்குச் சூட்டவில்லை; ஆனால் அதில் நடப்பது அதே வாழ்க்கைதான்.

இந்தச் சமையலில் ஒரு குறை உண்டு. ஒரே அடுப்பு, கொஞ்சம் தண்ணீர், கொஞ்சம் நேரம். அதனால் தினமும் அதே சோறு, அதே குழம்பு. 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, அதற்குள் அரை மணி நேரமாவது ஓய்வு கொடுக்க வேண்டும் என்றது. சட்டப்படியே கிடைத்தாலும், சமைத்து, தின்று, பாத்திரம் கழுவி, கால் நீட்ட அந்த அரை மணிதான். காய்கறி நறுக்கி இரண்டு பதார்த்தம் செய்யலாம் என்று யாருக்குத் தோன்றும்? பல நாள் ஓட்டத்தில் முதலில் விடுபடுவது கீரையும் காயும்தான். ஆசைக்குக் கேரவன் எடுத்துப் போகிற குடும்பமும் மூன்றாம் நாளில் இதே இடத்துக்கு வந்து சேரும்: நூடுல்ஸ், பிரெட், மறுபடி நூடுல்ஸ்.

இங்கேதான் இரட்டைத் தவாவைச் சொல்ல வருகிறேன். ஒன்றன்மேல் ஒன்று கச்சிதமாகக் கவிழ்கிற இரண்டு ஆழம் குறைந்த தவாக்கள். ஒரு பக்கம் கீல், மறுபக்கம் நீளக் கைப்பிடிகளைச் சேர்த்துப் பூட்டும் கொக்கி. விரித்தால் இரண்டு தவா, மூடினால் ஒரு பெட்டி. நம் பாத்திரக் கடைகளில் சாண்ட்விச் செய்ய விற்கும் கைப்பிடி டோஸ்டரைப் பார்த்திருப்பீர்கள். அதன் பெரிய அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். வார்ப்பிரும்பில் கீல் இல்லாமல் இரண்டு தனித் துண்டுகளாகவும் வருகிறது. அது சூட்டை நன்றாகத் தாங்கும், தலைமுறைக்கும் உழைக்கும், ஆனால் கனம். மூடிய நிலையில் புரட்ட இரண்டு கையும் துணியும் வேண்டும். வண்டிக்கு நான் பரிந்துரைப்பது கீல் வைத்த கனத்த அலுமினியத் தவாவைத்தான்.

இதன் அருமை தெரிய வேண்டுமானால் தருமபுரி மண்ணின் உணவான கேழ்வரகை எடுத்துக்கொள்ள வேண்டும். இந்த வட்டாரத்தில் களிதான் சோறு என்று இருந்த காலம் அதிக தூரத்தில் இல்லை. 2023-இல் தமிழக அரசு ரேஷனில் அரிசிக்குப் பதிலாக மாதம் 2 கிலோ கேழ்வரகு தரும் திட்டத்தைத் தொடங்க நீலகிரியோடு தேர்ந்தெடுத்ததும் தருமபுரி மாவட்டத்தைத்தான். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து. அரிசி அதன் அருகில்கூட வராது. ஆனால் களி கிண்ட அகன்ற பானையும் துடுப்பும் தோள் பலமும் வேண்டும். வண்டியில் அது நடக்காது. நடப்பது அடை.

கேழ்வரகு அடை சுடுகிறவர்களுக்கு ஒரு தொல்லை தெரியும். கோதுமையில் இருக்கிற பிடிமானப் பசை கேழ்வரகில் இல்லை. அதனால் அடை, தோசைத் திருப்பியைக் கொடுக்கும்போதே விண்டுபோகும். மூடாமல் சுட்டால் மேல்பக்கம் வறண்டு வெடிக்கும். இரட்டைத் தவாவில் இந்த இரண்டு தொல்லையும் இல்லை. ஏனென்றால் அங்கே அடையைத் திருப்புவதில்லை, தவாவையே திருப்புகிறோம். மாவில் முருங்கைக் கீரை, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு போட்டு, சுடுதண்ணீர் தெளித்துப் பிசைந்து, ஆறின தவாவிலேயே எண்ணெய் தடவிக் கையால் தட்டிவிடலாம். சூடான கல்லில் தட்டிக் கை சுட்டுக்கொள்ள வேண்டியதில்லை, இலையும் வேண்டாம். மூடி, சிறு தீயில் நாலைந்து நிமிடம். பூட்டியபடியே புரட்டி, இன்னும் மூன்று நான்கு நிமிடம். உள்ளே அடைபட்ட ஆவியிலேயே கீரை வெந்துவிடும். அடை ஓரம் மொறுமொறுப்பாக, நடு மெத்தென்று வரும்.

மாவைப் புளிக்க வைத்து எடுத்துப் போகலாமா என்று கேட்பார்கள். வெயில் காலத்தில் ஓடுகிற வண்டியில் இட்லி மாவு பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டு வழியும். பாதிப் பாத்திரம் மட்டும் நிரப்பி, அன்றைக்கே தீர்த்துவிட முடிந்தால் எடுத்துப் போங்கள். இல்லையென்றால் கேழ்வரகு மாவு, ரவை, சாமை, வறுத்த சேமியா என்று உலர்ந்த பொருளே உத்தமம். ஒரு பங்கு சாமைக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர் வைத்து, கடுகு, வெங்காயம் தாளித்து மூடிவிட்டால் கால் மணியில் உப்புமா. இதில் மட்டும் தவாவைப் புரட்டக் கூடாது. தண்ணீர் ஊற்றிச் செய்கிற எதற்கும் மேல்தவா வெறும் மூடிதான். புரட்டினால் இடுக்கு வழியே கொதிநீர் கையில் கொட்டும்.

செவ்வாய்க்கிழமையாக இருந்தால் காரிமங்கலத்தில் வாரச்சந்தை. மாடும் தேங்காயும் பேர்போனவை என்றாலும், வண்டிக்காரருக்கு வேண்டியது காய்கறிப் பக்கம். பக்கத்துப் பாலக்கோடு தக்காளிக்குப் பெயர் பெற்றது. அவரைக்காய், கத்தரிக்காய், தேங்காய், பச்சை நிலக்கடலை என்று ஒரு பை நிரம்பினால் இரண்டு நாளுக்கு வித்தியாசமாகச் சாப்பிடலாம். பிஞ்சுக் கத்தரிக்காயை நாலாகக் கீறி, பொடி அடைத்து, எண்ணெய் விட்டு மூடி வைத்தால் தண்ணீரே இல்லாமல் வதங்கும். அவரைக்காய்க்கு இரண்டு கரண்டித் தண்ணீர் போதும். தோலோடு நிலக்கடலையைப் போட்டுப் பூட்டி, அவ்வப்போது புரட்டிக்கொண்டே வறுத்தால் எல்லாப் பக்கமும் ஒரே சீராக வறுபடும், கரண்டியே தேவையில்லை.

ஆனால் பாத்திரத்தைவிட வரிசை முக்கியம். ஒரே அடுப்பில் வகை வகையாகச் சமைப்பதன் சூட்சுமம் முழுக்க அதில்தான் இருக்கிறது. முதலில் எண்ணெய் படாத வேலை: கடலை, மிளகாய் வறுப்பது. அதைத் தட்டிக் கொட்டிவிட்டு, துடைக்காமலே அடை. அடைகள் டிபன் பாக்ஸில் ஏறியதும் அதே எண்ணெய்ப் பசையில் காய் வதக்கல். கடைசியில்தான் தக்காளித் தொக்கு, முட்டை, கருவாடு போன்ற ஈரமும் வாடையும் உள்ளவை. இந்த வரிசையில் போனால் கழுவுவது ஒரே ஒரு முறை. வண்டியில் 20 லிட்டர் கேன்தான் கிணறு. குடிக்க, முகம் கழுவ, பாத்திரம் கழுவ எல்லாம் அதிலிருந்தே. வீட்டில் நாம் முதலில் குழம்பைக் கூட்டிவிட்டு மற்றதைத் தொடங்குவோம். வண்டியில் குழம்பு கடைசி.

தீயைப் பற்றிக் கண்டிப்பாகப் பேச வேண்டும். 2023 ஆகஸ்ட் 26 அதிகாலை, மதுரை ரயில் நிலையத்தில் நின்றிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில் தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். லக்னோவிலிருந்து கோயில்களைத் தரிசிக்க வந்தவர்கள். பெட்டிக்குள் விதியை மீறிக் கொண்டுவந்த கேஸ் சிலிண்டரில் தேநீர் போடப் பற்றவைத்ததுதான் காரணம் என்று ரயில்வே சொன்னது. அங்கே நடந்தது எந்த வண்டிக்குள்ளும் நடக்கலாம். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போய்க் கலையாது, தரையோடு தங்கும். மூக்கு உயரத்தில் வாடை தெரிவதற்கு முன்பே காலடியில் நிறைந்திருக்கும். அதனால் சிலிண்டர் வைக்கும் அறைக்கு அடிமட்டத்தில், வண்டிக்கு வெளியே திறக்கும் துளை இருக்க வேண்டும். வாடகைக்கு எடுக்கும்போது படுக்கை மெத்தையா என்று பார்ப்பதற்கு முன் இதைக் குனிந்து பாருங்கள்.

2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் லாரிகளில் ஓட்டுநர் கேபினுக்குக் குளிர்சாதனம் கட்டாயம். வெகுகாலம் முன்பே வந்திருக்க வேண்டிய நல்ல விதி. அதனோடு ஒரு எச்சரிக்கையும் சேர்ந்துபோக வேண்டும்: மழை பெய்கிறதென்று கண்ணாடி ஏற்றிய கேபினுக்குள் அடுப்பு மூட்டுவது உயிருக்கு ஆபத்து. காற்றோட்டமில்லாத இடத்தில் எரியும் அடுப்பு, வாடையே இல்லாத கார்பன் மோனாக்சைடைக் கக்கும். தூக்கம் போலவே வந்து கொல்லும். ஒட்டாப் பூச்சுள்ள இரட்டைத் தவா வாங்கியவர்கள் வெறும் தவாவைப் பெருந்தீயில் விட்டுவிடக் கூடாது. 260 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அந்தப் பூச்சு சிதையத் தொடங்கிப் புகை விடும். அகலமான வீட்டுச் சமையலறையில் ஜன்னலைத் திறக்கலாம். கேபினில் அந்தப் புகையை நுரையீரல்தான் வாங்க வேண்டும்.

இவ்வளவும் ஓட்டுநரின் கையில் இருப்பவை. அவர் கையில் இல்லாதது, அடுப்பை இறக்கி வைக்க ஓர் இடம். இன்று பெரும்பாலான லாரிகள் சாலையின் விளிம்பிலேயே நின்று சமைக்கின்றன. சபரிமலைப் பருவத்தில் கர்நாடகத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் வரும் பக்தர்களின் பேருந்துகளும் அப்படித்தான். கூட வந்த சமையல்காரர் ஓரத்தில் அண்டாவை இறக்க, பிள்ளைகள் பாய் விரித்து உட்கார்ந்திருப்பார்கள், ஒரு கை தூரத்தில் கண்டெய்னர்கள் பறக்கும். கிருஷ்ணகிரியிலிருந்து தொப்பூர் வரை சுங்கம் வாங்குகிற சாலையில், இறக்கம் தொடங்குவதற்கு முன்பே, நல்ல அகலமான லாரி நிறுத்தம் ஒன்று வேண்டும். அங்கே குடிதண்ணீர்க் குழாய் வேண்டும்; காற்று அணைக்காதபடி இடுப்பளவு தடுப்புச் சுவர் வைத்த சிமென்ட் மேடைகள் வேண்டும்; கழிப்பறையும் இரவு முழுக்க எரியும் விளக்கும் வேண்டும். கட்டி முடித்ததும் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று மாதம் ஒரு முறை பார்க்க ஓர் ஆளையும் போட வேண்டும்.