அம்மா - அப்பா ஜோடிக்கு ஒரு தீவு டிக்கெட்!

‘ஜோடியா ஒரு நாள்... படகுல போய் இறங்குற மாதிரி ஒரு குட்டித் தீவு... சாயங்காலம் பஸ் பிடிச்சு வீட்டுக்கு ரிட்டர்ன்!’ - இப்படிச் சொன்னதுமே உங்க மனசுல யார் முகம் வந்துச்சுன்னு தெரியும். மூணாவது பெஞ்ச் முகம்தானே? ஸாரி பாஸ்! இந்த டூர் உங்களுக்கு இல்லை. உங்க வீட்டுல இருக்கிற சீனியர் ஜோடிக்கு. அதாங்க, அம்மாவும் அப்பாவும்!

டோக்கியோகாரங்களுக்கு எனோஷிமான்னு ஒரு குட்டித் தீவு இருக்கு. காலையில ரயில் ஏறி, பாலத்துல நடந்தே தீவுக்குள்ள போவாங்க. அங்கே காதலர்களுக்குன்னே தொங்குற மணியை ரெண்டு பேருமா சேர்ந்து அடிப்பாங்க. பேர் எழுதின பூட்டை வேலியில மாட்டிட்டு, இருட்டுறதுக்குள்ள வீடு திரும்பிடுவாங்க. விக்கிரவாண்டிக்காரங்க நமக்கு என்ன இருக்கு... டோல்கேட்டும், ராத்திரி பஸ் நிக்கிற மோட்டலும்தானான்னு அலுத்துக்காதீங்க. நமக்கும் ஒண்ணு இருக்கு. அதுவும் நம்ம ஊர் ஆறே கொண்டுபோய் விடுற இடம்!

நம்ம வராக நதியைத்தான் சொல்றேன். செஞ்சிப் பக்கத்து மலையில பிறந்து, 1959-ல் கட்டி முடிச்ச வீடூர் அணையில கொஞ்சம் இளைப்பாறி, திருவக்கரை கல்மரங்களை எட்டிப் பார்த்துட்டு, சங்கராபரணிங்கிற பேர்ல புதுச்சேரிக்குள்ள நுழையுது. அங்கே ரெண்டாப் பிரிஞ்சு ஒண்ணு அரியாங்குப்பம் ஆறு, இன்னொண்ணு சுண்ணாம்பாறு. ரோமாபுரியோட வியாபாரம் பண்ணின அரிக்கமேடு அந்த முதல் கிளையின் கரையிலதான் இருக்கு. நாம போகவேண்டியது ரெண்டாவது கிளைக்கு. அது கடல்ல கலக்கிற இடத்துல ஒரு மணல்திட்டு... பேரு பாரடைஸ் பீச். ‘இது தீவே இல்லையே’ன்னு மேப்பைத் தூக்கிட்டு சண்டைக்கு வராதீங்க. முன்னால வங்கக் கடல், பின்னால ஆறு, போறதுக்குப் படகு. இது போதாதா?

விஷயத்துக்கு வர்றேன். எங்கப்பாவுக்கு ஹைவேஸ் ஓரத்துல பஞ்சர் கடை. கல்யாணமாகி இருபத்து மூணு வருஷத்துல அவரும் அம்மாவும் சேர்ந்து போன இடங்களை விரல் விட்டு எண்ணிடலாம். சொந்தக்காரங்க கல்யாணம், சாவு, மேல்மலையனூர் அமாவாசை. கடல்? அதையும் பார்த்திருக்காங்க. மாசி மகத்துக்கு மயிலம் முருகன் தீர்த்தவாரிக்குப் போகும்போது பின்னாலேயே வைத்திக்குப்பம் போவோம். அந்தக் கூட்டத்துல அம்மா பார்த்தது கடலையா? ‘புள்ள எங்க, பை எங்க’ன்னு எங்களைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தாங்க.

அதனாலதான் போன மாசம் ஒரு திங்கட்கிழமை காலேஜுக்கு லீவு போட்டுட்டு, ‘கடையை நான் பார்த்துக்கிறேன், நீங்க ரெண்டு பேரும் கிளம்புங்க’ன்னு சொன்னேன். அப்பா முறைச்சார். “இன்னாடா, எங்களைப் பார்த்தா சினிமா ஜோடி மாதிரி தெரியுதா?” அம்மாவோ, “படகுல ஏறினா எனக்கு மயக்கம் வரும்”னு சொல்லிக்கிட்டே புளிசாதம் கட்ட ஆரம்பிச்சுட்டாங்க. புரிஞ்சுக்கோங்க!

ரூட் ரொம்ப சிம்பிள். விக்கிரவாண்டியிலிருந்து விழுப்புரத்துக்கு டவுன் பஸ். 2021-லிருந்து சாதாரண டவுன் பஸ்ல பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. (“எனக்கு ஃப்ரீ, உங்களுக்குத்தான் தண்டம்”னு அம்மா அப்பாவை அங்கேயே கலாய்ச்சாச்சாம்.) அங்கிருந்து புதுச்சேரி சுமார் 40 கிலோமீட்டர். அவசரம் இல்லைன்னா ரயில்லயும் போகலாம், 1879-ல் போட்ட பாதை அது. புதுச்சேரி பஸ் ஸ்டாண்டுல கடலூர் பஸ் ஏறி, எட்டு கிலோமீட்டர்ல நோணாங்குப்பம் போட் ஹவுஸ்ல இறங்கிக்கலாம். அரசு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் நடத்துறது. சனி, ஞாயிறு சென்னை, பெங்களூரு கூட்டம் அள்ளும். வாரநாள்தான் பெஸ்ட். கடைசிப் படகு எப்பன்னு கவுன்ட்டர்லயே கேட்டு வெச்சுக்கச் சொல்லுங்க.

ஒரு விஷயத்துல மட்டும் நோ காம்ப்ரமைஸ். முழங்காலுக்கு மேல தண்ணியில இறங்க வேண்டாம். பார்க்க ஆழமே இல்லாத மாதிரி இருக்கும். ஆனா, முகத்துவாரத்துல ஆத்துத் தண்ணி கடலுக்குள்ள இழுக்கும், ஓதம் வடியும்போது அந்த இழுப்பு இன்னும் அதிகமாகும். கடல் தெற்கிலிருந்து தள்ளிட்டு வர்ற மணலும் ஆத்து மணலும் முட்டிக்கிற இடம்ங்கிறதால, போன மாசம் மேடா இருந்தது இந்த மாசம் பள்ளமா இருக்கும். நீச்சல் தெரிஞ்ச நம்ம பசங்களையே இழுத்துட்டுப் போற தண்ணி இது. வடகிழக்குப் பருவமழை சமயத்துல போகவே வேண்டாம். 2024-ல் ஃபெஞ்சல் புயலப்போ மயிலத்துல 50 சென்டிமீட்டர் மழை கொட்டினதும், விக்கிரவாண்டி - முண்டியம்பாக்கம் நடுவுல ரயில் பாலத்துல வெள்ளம் ஏறி ரயிலையே நிறுத்தினதும் ஞாபகம் இருக்குல்ல?

சரி, நம்ம ஜோடி என்ன பண்ணினாங்க? அப்பாகிட்ட கேட்டா, “இன்னா, மணலு... தண்ணி... அவ்ளோதான்.” அம்மாவுக்கோ மூணு நாளா அதே பேச்சு. படகுல மயக்கமே வரலையாம். அலையாத்தி மரத்துல உட்கார்ந்திருந்த கொக்கு, செருப்பைக் கையில தூக்கிக்கிட்டு அப்பா நடந்த ஸ்டைல், ஐஸ்க்ரீமை ஒழுக விட்டது...

எல்லாம் சொல்லி முடிச்சுட்டு, கடைசியா மெதுவா ஒண்ணு சொன்னாங்க. அப்பாவுக்கு ஆறு மாசமா இடது தோள்ல வலி. லாரி டயரைப் புரட்டுற கை. ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடலை. வீட்டுல எப்போ சொல்றது? காலையில நான் காலேஜுக்குக் கிளம்புவேன், ராத்திரி அவர் கடையை மூடிட்டு வரும்போது அம்மா பாதித் தூக்கத்துல இருப்பாங்க. அங்கே மணல்ல புளிசாதத்தைப் பிரிச்சு வெச்சப்ப, கை தூக்க முடியலைன்னு அவராவே சொல்லியிருக்கார்.

மறுவாரமே அம்மா அவரை முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. மாத்திரையும் பயிற்சியும் கொடுத்து, கொஞ்ச நாளைக்கு வெயிட் தூக்கக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. தினமும் காலையில சுவர்ல விரலை நடக்கவிட்டுக்கிட்டு நிக்கிறார். அம்மா பக்கத்துல நின்னு எண்ணுறாங்க. பெரிய டயர் வந்தா பக்கத்துக் கடை அண்ணன் வந்து புரட்டித் தர்றார்.

அடுத்து திருவக்கரை போகணுமாம். ரெண்டு கோடி வருஷத்துக் கல்மரத்தை அம்மா பார்க்கணுமாம். கடை ஷட்டர்ல அப்பா சாக்பீஸ்ல ‘திங்கள் விடுமுறை’ன்னு எழுதி வெச்சிருக்கார். எந்தத் திங்கள்னுதான் எழுதலை.