வயலில் நின்ற மூத்த மகன்

ஊதாரி மைந்தன் உவமையை அறியாத கிறிஸ்தவர் இலர். திருவழிபாட்டின் மூன்றாண்டுச் சுழற்சியில் மூன்றாம் ஆண்டின் தவக்கால நான்காம் ஞாயிறன்று அது நம் ஆலயங்களில் வாசிக்கப்படுகிறது. இளையவன் தூர தேசம் சென்றது, பன்றிகளிடையே பசித்திருந்தது, தந்தை ஓடிச்சென்று தழுவியது என்பவற்றோடு பெரும்பாலான மறையுரைகள் நிறைவுபெற்றுவிடுகின்றன. மூத்தவனைப் பற்றிய பேச்சு வந்தால், பொறாமைக்காரன் என்ற ஒரே சொல்லில் அவன் கணக்கு முடிக்கப்படுகிறது.

லூக்கா நற்செய்தியின் 15ஆம் அதிகாரத்தை இன்னுமொரு முறை நிதானமாக வாசித்துப் பாருங்கள். விருந்து தொடங்கும்போது மூத்தவன் வயலில் இருக்கிறான். கொழுத்த கன்று அடிக்கப்பட்டுவிட்டது. இசையும் ஆடலும் நடைபெறுகின்றன. ஆனால் வயலுக்கு ஆளனுப்பி அவனுக்கு அறிவித்ததாக ஒரு வரியும் இல்லை. தன் சொந்த வீட்டில் என்ன நடக்கிறது என்பதை ஊழியன் ஒருவனிடம் கேட்டே அவன் அறிந்துகொள்கிறான். அவனது சினத்தை நியாயப்படுத்த வேண்டியதில்லை. ஆயினும் அது எங்கே பிறந்தது என்பது விளங்குகிறது.

நம் குடும்பங்களுக்கு இக்காட்சி புதிதன்று. 1983க்குப் பின்னர் எத்தனையோ வீடுகளில் ஒரு பிள்ளை கனடாவுக்கோ சுவிற்சர்லாந்துக்கோ செல்ல, மற்றப் பிள்ளை பெற்றோருடன் தங்கியது. இடம்பெயர்ந்த நாட்களில் தாயைத் தாங்கிச் சென்றவரும், இன்று தந்தையைக் கிளினிக்குக்கு அழைத்துச்சென்று வரிசையில் நிற்பவரும் அவரே. வெளிநாட்டிலிருந்து சகோதரர் வருகிறார் என்றால் வீட்டுக்குப் புதிதாய் வர்ணம் பூசப்படுகிறது, ஆடு அடிக்கப்படுகிறது. வருபவர் ஊதாரியல்லர். பனியிலும் இரவு வேலையிலும் உழைத்துப் பணம் அனுப்பியவர் அவர். அவ்விடத்தில் உவமை பொருந்தாது. பொருந்துவது வயலில் நின்றவனின் மனம். ஓர் ஆட்டுக்குட்டிகூடத் தரப்படவில்லையே என்று அவன் முறையிடுவது இறைச்சிக்காக அன்று.

சொத்தில் அவனுக்குக் குறையில்லை. மோசேயின் சட்டப்படி தலைமகனுக்கு இரட்டைப் பங்கு உண்டு (இணைச்சட்டம் 21:17). தந்தையோ ஆரம்பத்திலேயே இருவருக்கும் பகிர்ந்தளித்துவிட்டார். எல்லாம் உன்னுடையதே என்பதை வாய்திறந்து சொன்னது மட்டும் இப்போதுதான். நம் பெற்றோர் பலரும் காணி உறுதியில் பெயரை எழுதிவிட்டு, சொல்லவேண்டியதைச் சொல்லாமலே இருந்துவிடுகிறார்கள்.

ஆனால் இத்தந்தை சொல்வதற்காக எழுந்து வருகிறார். இளையவனை நோக்கி ஓடியவர், மூத்தவனுக்காகவும் விருந்தினரை விட்டு வெளியே வந்து கெஞ்சுகிறார். அவன் தம்பியென்று அழைக்க மனமின்றி, தந்தையின் மகன் என்றே தள்ளிப் பேசுகிறான். அவரோ கடிந்துகொள்ளாமல், வந்திருப்பவன் அவனுடைய தம்பி என்பதை நினைவூட்டுகிறார்.

மூத்தவன் உள்ளே சென்றானா? லூக்கா சொல்லவில்லை. பாவிகளோடு உணவருந்துகிறார் என்று முணுமுணுத்த பரிசேயரும் மறைநூல் அறிஞரும் கேட்கவே இயேசு இதைக் கூறினார். முடிவை அவர்களிடமே விட்டிருக்கலாம். உவமை நிற்குமிடத்தில் தந்தையும் மகனும் இன்னும் வீட்டுக்கு வெளியேதான் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.