தப்பி வந்த தாளுக்குத்தான் விலை

அமெரிக்கத் தபால்தலை ஒன்று பல லட்சம் டாலருக்கு ஏலம் போனதாக அவ்வப்போது செய்தி வருகிறது. படித்த கையோடு பரணில் கிடக்கும் பழைய ஆல்பத்தை இறக்கித் தூசு தட்டுபவர்கள் உண்டு. பழசாக இருந்தால் காசு, அச்சுப்பிழை இருந்தால் இன்னும் காசு என்று ஒரு நம்பிக்கை. இரண்டுமே பெரும்பாலும் பலிப்பதில்லை.

முதலில் பழமையைப் பார்ப்போம். 1861இல் ஜார்ஜ் வாஷிங்டன் தலையுடன் 3 சென்ட் தபால்தலை வந்தது. உள்நாட்டுப் போர்க் காலத்துக் கடிதங்களில் ஒட்டப்பட்டது அதுதான். வயது 160ஐத் தாண்டிவிட்டது. ஆனால் கோடிக்கணக்கில் அச்சடித்தார்கள். முத்திரை விழுந்த சாதாரணப் பிரதி இன்றும் சில டாலருக்குக் கிடைக்கும். 1940களுக்குப் பிறகு வந்தவற்றின் கதி இன்னும் மோசம். எதிர்காலத்தில் விலை ஏறும் என்று அமெரிக்கக் குடும்பங்கள் முழுத் தாள்களாக வாங்கிப் பெட்டியில் அடுக்கி வைத்தன. எல்லோரும் வைத்திருக்கும் பொருளை யார் விலை கொடுத்து வாங்குவார்கள்? இன்று வியாபாரிகள் அவற்றை முகமதிப்புக்கும் குறைவாக வாங்கி, கடிதத்தில் ஒட்டுவதற்காக விற்கிறார்கள்.

அச்சுப்பிழை விஷயத்திலும் இதே கணக்குதான். பிழை எவ்வளவு விநோதமானது என்பது இரண்டாம் பட்சம். அஞ்சல் துறையின் கண்ணுக்குத் தப்பி எத்தனை பிரதிகள் வெளியே வந்தன, அவற்றை எத்தனை பேர் விரும்புகிறார்கள் என்பதுதான் விலையைத் தீர்மானிக்கிறது. இதற்குச் சரியான பாடம் 'தலைகீழ் ஜென்னி'.

1918 மே 15. வாஷிங்டன், ஃபிலடெல்ஃபியா, நியூயார்க் நகரங்களுக்கு இடையே விமான அஞ்சல் தொடங்கிய நாள். அதற்காக அவசரம் அவசரமாக 24 சென்ட் தபால்தலை ஒன்று தயாரானது. சிவப்புச் சட்டம், நடுவில் நீல நிறத்தில் கர்டிஸ் ஜென்னி விமானம். இரண்டு நிறம் என்பதால் ஒவ்வொரு தாளும் இரண்டு முறை அச்சு இயந்திரத்துக்குள் போக வேண்டும். தாளைக் கையால்தான் வைக்க வேண்டும். சிவப்பு அடித்து முடித்த தாளையோ நீலத்துக்கான தகட்டையோ யாரோ திருப்பி வைத்துவிட்டார்கள். விமானம் மல்லாந்துவிட்டது. (பிறகு இப்படி நேராதிருக்க, தகடுகளில் 'மேல்பக்கம்' என்று குறிக்கும் சொல்லைப் பொறித்தார்கள்.)

சேவை தொடங்குவதற்கு முதல் நாள், வில்லியம் ரோபி என்ற பங்குத் தரகு நிறுவன ஊழியர் வாஷிங்டனில் ஓர் அஞ்சலகத்துக்குப் போனார். அவர் சேகரிப்பாளர், இரண்டு நிறத் தலைகளில் இப்படிப் பிழை வரும் என்று எதிர்பார்த்தே போனவர். 24 டாலர் கொடுத்து 100 தலைகள் கொண்ட ஒரு தாளை வாங்கினார். அத்தனையும் தலைகீழ். இன்னும் இருக்கிறதா என்று அவர் கேட்கப்போக, விஷயம் வெளியே தெரிந்து அஞ்சல் துறை ஆய்வாளர்கள் தாளைத் திருப்பிக் கேட்டு வந்தார்கள். அவர் மறுத்துவிட்டார். காசு கொடுத்து வாங்கிய பொருள். பிடுங்கச் சட்டத்தில் வழியில்லை. மற்ற அஞ்சலகங்களில் விற்பனையை நிறுத்திச் சோதித்தார்கள். அந்த ஒரு தாளைத் தவிர வேறொன்றும் பொதுமக்கள் கைக்கு வரவில்லை.

மறுநாள் வாஷிங்டனிலிருந்து கிளம்பிய நிஜ விமானமும் திசை தவறி மேரிலாந்தில் வயல்வெளியில் இறங்கி முறிந்தது என்பது இந்தக் கதையில் கூடுதல் வேடிக்கை.

சில நாட்களிலேயே ரோபி அந்தத் தாளை ஃபிலடெல்ஃபியா வியாபாரி யூஜின் கிளைனிடம் 15,000 டாலருக்கு விற்றார். கிளைன் அதைக் கர்னல் எட்வர்ட் கிரீன் என்ற பணக்காரரிடம் 20,000 டாலருக்குத் தள்ளிவிட்டார். பிரிப்பதற்கு முன் ஒவ்வொரு தலையின் பின்புறத்திலும் 1 முதல் 100 வரை பென்சிலால் எண் எழுதி வைத்தார்கள். அந்தச் சின்னக் காரியம்தான் பின்னால் பெரிய விலை பெற்றுத் தந்தது. உலகத்தில் இருக்கும் ஒவ்வொரு தலைகீழ் ஜென்னிக்கும் ஓர் எண்ணும், அது கைமாறிய வரலாறும் உண்டு. வாங்குபவர் வெறும் தாள் துண்டை வாங்குவதில்லை, அந்த வம்சாவளியையும் சேர்த்து வாங்குகிறார்.

நூறுக்கும் ஒரே விலையா என்றால், இல்லை. தாளின் மேல் வரிசையிலும் வலது ஓர வரிசையிலும் இருந்த 19 தலைகளுக்கு ஒரு பக்கமாவது துளை ஓரம் கிடையாது. அவற்றுக்கு மவுசு குறைவு. சிலவற்றில் பின்பசை போய்விட்டது, சில மடங்கியிருக்கின்றன. குறையுள்ள பிரதி ஒன்றிரண்டு லட்சம் டாலருக்குள் நின்றுவிடும். மறுகோடியில் 49ஆம் எண் இருக்கிறது. ஒரே குடும்பத்தின் வங்கிப் பெட்டகத்தில் வெளிச்சமே படாமல் பல தலைமுறை கிடந்தது. ஆல்பத்தில் ஒட்டிய தடம்கூட அதன் பசையில் இல்லை. அது 2018இல் 15.93 லட்சம் டாலருக்கும், 2023இல் 20.06 லட்சம் டாலருக்கும் விலை போனது. குறையுள்ள பிரதிக்கும் இதற்கும் பிழை ஒன்றே. வேறுபாடு முழுவதும் நிலைமையில்.

இனி எதிர்க்கதை. ஐக்கிய நாடுகள் சபையின் பொதுச் செயலாளர் டாக் ஹமார்ஷெல்ட் 1961இல் விமான விபத்தில் இறந்தார். மறு ஆண்டு அக்டோபரில் அவர் நினைவாக 4 சென்ட் தலை வந்தது. அதில் பின்னணியின் மஞ்சள் நிறம் மட்டும் தலைகீழாக அச்சான சில தாள்கள் வெளியே வந்துவிட்டன. நியூ ஜெர்சியைச் சேர்ந்த லெனார்ட் ஷெர்மன் என்ற நகை வியாபாரியிடம் 50 தலைகள் கொண்ட ஒரு தாள் சிக்கியது. செய்தி பத்திரிகைகளில் வந்ததும், அஞ்சல் துறைத் தலைவர் ஜே. எட்வர்ட் டே ஒரு முடிவெடுத்தார்: அதே பிழையோடு வேண்டுமென்றே அச்சடியுங்கள். சுமார் 4 கோடி பிரதிகள் வந்து குவிந்தன. ஷெர்மன் நீதிமன்றம் போனார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. இன்று அந்தப் 'பிழை'த் தலையைச் சில சென்ட்டுக்கு வாங்கலாம். சேகரிப்பாளர்கள் டேயை அப்போது திட்டித் தீர்த்தார்கள். என் பார்வையில், விலை எங்கிருந்து வருகிறது என்பதை அந்தத் துறையில் அவரளவுக்குப் புரிந்துகொண்ட ஆள் வேறில்லை.

ஆனால் துறை அந்தப் பாடத்தை ஒரே மாதிரி கடைப்பிடிக்கவில்லை. 1994இல் 'மேற்கின் புகழாளர்கள்' வரிசைத் தாளில் கறுப்பினக் கௌபாய் பில் பிக்கெட்டின் படத்துக்குப் பதில் அவர் சகோதரரின் படம் இடம்பெற்றது. தாள்களைத் திரும்பப் பெற்று அழிக்க முடிவானது. அதற்குள் 183 தாள்கள் விற்றுப்போயிருந்தன. அப்படியே விட்டிருந்தால் அவை பெரும் அபூர்வங்களாகியிருக்கும். துறையோ பிழையுள்ள தாள்களில் 1,50,000ஐக் குலுக்கல் முறையில் விற்றது. இப்போது நடுத்தரச் சேகரிப்பாளர் ஒருவர் தயங்காமல் வாங்கும் விலைக்கு அந்தத் தாள் கிடைக்கிறது.

2013இல் நேர்மாறு. தலைகீழ் ஜென்னியையே 2 டாலர் தலையாக மறுபடி வெளியிட்டார்கள். 20 லட்சத்துக்கு மேற்பட்ட தாள்கள். அவற்றுக்கிடையே விமானம் நேராகப் பறக்கும் 100 தாள்களை மட்டும் ஒளித்து வைத்தார்கள். இங்கே சரியாக இருப்பதுதான் அபூர்வம்! துறையின் தலைமைத் தணிக்கை அலுவலகமே இதைக் குறை சொன்னது. திட்டமிட்டுத் தயாரித்த அபூர்வத்துக்கு ஏலத்தில் பல ஆயிரம் டாலர் கிடைக்கத்தான் செய்கிறது. இருந்தாலும் ரோபியின் தாளுக்குப் பக்கத்தில் அதை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

பிழை எல்லோர் கைக்கும் போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2010ஆம் ஆண்டு டிசம்பரில் வந்த சுதந்திர தேவி தலை போதும். அதில் இருந்தது நியூயார்க் சிலையின் முகம் அல்ல, லாஸ் வேகாஸ் சூதாட்ட விடுதி வாசலில் நிற்கும் நகலின் முகம். கண்டுபிடித்தபோது கோடிக்கணக்கில் அச்சாகிவிட்டது. நகலைச் செதுக்கிய சிற்பிக்கு 2018இல் நீதிமன்றம் சுமார் 35 லட்சம் டாலர் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. தபால்தலையை வைத்திருந்தவர்களுக்கு ஒரு சென்ட்கூட லாபமில்லை. அதேபோல், துளை போடாமலே வந்த சுருள் தலை ஜோடிகள் சுத்தமான அச்சுப்பிழைகள்தான். சில வெளியீடுகளில் அவை ஏராளமாக வெளிவந்ததால் பத்து இருபது டாலருக்கே கிடைக்கின்றன. மை இழுகியது, துளை சற்று விலகி விழுந்தது போன்றவற்றைச் சேகரிப்பாளர்கள் பிழைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை; கோளாறு என்று தனியாக ஒதுக்கிவிடுகிறார்கள். ஒவ்வொன்றும் உலகில் ஒன்றே ஒன்றுதான், ஆனாலும் விலை சொற்பம். அபூர்வமாக இருந்தால் மட்டும் போதாது, கேட்டலாகில் ஓர் எண் பெற்று ஆல்பத்தில் ஓர் இடம் காலியாக நிற்க வேண்டும். அந்தக் காலியிடத்தை நிரப்பும் ஆசைதான் ஏலத்தில் கையை உயர்த்த வைக்கிறது.

அந்த ஆசையின் உச்சம் 1868இன் 1 சென்ட் 'இசட் கிரில்'. இது பிழையே அல்ல. முத்திரை மையைக் கழுவிவிட்டுத் தலையை மறுபடி ஒட்டும் மோசடியைத் தடுக்க, தாளில் சிறு சிறு புள்ளிகளாக அழுத்தி நாரை உடைத்தார்கள். மை உள்ளே ஊறிவிடும். அந்த அழுத்தத் தடத்துக்குக் கிரில் என்று பெயர். அளவையும் வடிவத்தையும் பொறுத்துப் பின்னாளில் எழுத்துகளால் வகை பிரித்தார்கள். பெஞ்சமின் ஃபிராங்க்ளின் படம் போட்ட நீல நிற 1 சென்ட் தலையில் இசட் வகைக் கிரில் உள்ளது உலகத்தில் இரண்டே இரண்டு. ஒன்று நியூயார்க் பொது நூலகத்தின் சொத்து, விற்பனைக்கு வராது. ஆக, பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கத் தலைகள் முழுவதையும் சேர்க்க நினைப்பவருக்கு மிச்சமிருப்பது ஒன்றுதான். பிம்கோ நிதி நிறுவனத்தை நிறுவியவர்களில் ஒருவரான பில் கிராஸ், 2005இல் நான்கு தலைகீழ் ஜென்னிகள் ஒட்டியபடி தகட்டு எண்ணோடு இருக்கும் துண்டை 29.7 லட்சம் டாலருக்கு வாங்கி, அதைக் கொடுத்து இந்த ஒற்றைத் தலையைப் பண்டமாற்றாகப் பெற்றார். அவர் ஆல்பம் நிறைந்தது. 2024 ஜூனில் அதே தலை சீகல் ஏல நிறுவனத்தில் 43.66 லட்சம் டாலருக்குப் போனது.

இந்தத் தொகைகளைப் படிக்கும்போது ஒரு விவரம் தெரிந்திருக்க வேண்டும். இசட் கிரிலுக்கு ஏலம் விட்டவர் சுத்தியல் தட்டிய விலை 37 லட்சம்தான். அதன் மேல் 18 சதவீதம் வாங்குபவர் கட்டணம். செய்தியில் வருவது கூட்டுத்தொகை. விற்றவருக்குச் சுத்தியல் விலை முழுவதும் போய்ச் சேரும் என்றும் இல்லை. அவர் தரப்பில் தனிக் கமிஷன் இருக்கும். கிராஸ் கைமாற்றிய நான்கு ஜென்னித் துண்டு 2021இல் சதபீஸ் ஏலத்தில் 48.6 லட்சத்துக்கு விற்றது. 2005 விலையோடு ஒப்பிட்டால் ஆண்டுக்குச் சுமார் மூன்று சதவீத வளர்ச்சி. முதலீடு என்று பார்த்தால் வங்கியில் போட்டு வைப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை. இசட் கிரில் சற்றுத் தேவலை: 1998இல் 9.35 லட்சம். அதுவும் ஆண்டுக்கு ஆறு சதவீதத்தை ஒட்டித்தான் வருகிறது.

விலை இருக்கும் இடத்தில் போலியும் இருக்கும். துளை ஓரத்தைக் கத்தரித்துச் சுருள் தலையாக்குவது, வெட்டுப்பட்ட ஓரத்தில் புதிதாகத் துளை போடுவது, பசை போன தலைக்கு மறுபசை பூசுவது, சாதாரணத் தலையில் கிரிலை அழுத்துவது எல்லாம் பழைய தொழில்கள். அதனால்தான் பெரிய ஏலங்களில் நியூயார்க்கின் ஃபிலடெலிக் ஃபவுண்டேஷன் போன்ற அமைப்பின் சான்றிதழ் இல்லாமல் யாரும் கைவைப்பதில்லை. உங்கள் ஆல்பத்தில் நீல நிற ஃபிராங்க்ளின் இருந்தால், அது கிரிலே இல்லாத, லட்சக்கணக்கில் கிடைக்கும் சகோதரனாக இருக்கவே வாய்ப்பு அதிகம். சான்றிதழுக்கு அனுப்புமுன் அனுபவமுள்ள ஒரு சேகரிப்பாளரிடம் காட்டிவிடுவது செலவில்லாத வழி. நீரில் ஊறவைப்பதோ பசையைச் சுரண்டுவதோ வேண்டாம்.

பென்சில் எண்கள் திருடனையும் விடவில்லை. எத்தல் மெக்காய் என்ற சேகரிப்பாளரிடம் நான்கு ஜென்னிகள் சேர்ந்த துண்டு ஒன்று இருந்தது. 1955இல் வர்ஜீனியாவின் நார்ஃபோக்கில் நடந்த தபால்தலை மாநாட்டில் காட்சிக்கு வைத்திருந்தபோது அது களவு போனது. திருடியவர் நான்காகப் பிரித்துவிட்டார். எண்ணை அழித்தாலும், துளை ஓரத்தின் அமைப்பைப் பழைய புகைப்படத்தோடு ஒப்பிட்டால் எந்த இடத்துத் தலை என்று தெரிந்துவிடும். மெக்காய் தன் உரிமையை அமெரிக்க ஃபிலடெலிக் ஆராய்ச்சி நூலகத்துக்கு எழுதி வைத்தார். காலப்போக்கில் இரண்டு தலைகள் மீட்கப்பட்டன. மூன்றாவது 2016இல் தலைகாட்டியது: வட அயர்லாந்து இளைஞர் ஒருவர் தாத்தா வழியாக வந்தது என்று ஏலத்துக்குக் கொண்டுவர, நிபுணர்கள் அடையாளம் கண்டு நூலகத்திடம் சேர்ப்பித்தார்கள். 66ஆம் எண் இன்னும் வரவில்லை. அது யார் கையில் இருந்தாலும் பகிரங்கமாக ஏலம் விட முடியாது. சட்டப்படி நூலகத்தின் பொருள் அது.