சாட்சி சொன்ன சாக்குத் துணி

ஸ்பானிய மொழியில் 'அர்ப்பியேரா' என்றால் சாக்குத் துணி. தென் அமெரிக்காவின் சிலி நாட்டில் அது ஒரு கைவினைக்கும் பெயர். மாவுச் சாக்கை வெட்டி, அதன்மேல் பழந்துணித் துண்டுகளை வீடு, மரம், மனிதர் எனத் தைத்து, ஓரத்தைக் கம்பளி நூலால் பின்னி முடிப்பார்கள். சின்னஞ்சிறு பொம்மைகள் துணியிலிருந்து புடைத்து நிற்கும். மேலே ஆண்டிஸ் மலை, சூரியன். எட்டி நின்றால் குழந்தைக்காகச் செய்த படம் போலிருக்கும். கிட்டப் போனால் மலையடிவாரத்தில் போலீஸ் வண்டி நிற்கும், 'எங்கே அவர்கள்?' என்ற பதாகையோடு பெண்கள் நிற்பார்கள்; ஜோடியாக ஆட வேண்டிய குவேக்கா நடனத்தை ஒருத்தி தனியே ஆடுவாள்.

1973 செப்டம்பர் 11 அன்று தளபதி பினோசே தலைமையில் சிலி ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அந்த ஆட்சியில் 3000 பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள், அல்லது காணாமல் ஆக்கப்பட்டார்கள். சம்பாதிக்கும் ஆளை இழந்த குடும்பங்களின் பெண்கள், தலைநகர் சாந்தியாகோவில் தேவாலயங்களின் ஆதரவில் கூடித் தைக்கத் தொடங்கினார்கள். சில படங்களில் தொலைந்துபோனவரின் சட்டைத் துணியே இருந்தது. பத்திரிகைகளின் வாய் கட்டப்பட்டிருந்த அந்நாளில், 1976இல் கத்தோலிக்கத் திருச்சபை தொடங்கிய மனித உரிமை அமைப்பு இவற்றை வாங்கி ஐரோப்பாவுக்கும் வட அமெரிக்காவுக்கும் அனுப்பியது. சில துணிகளின் பின்புறம் ஒரு குட்டிப் பை; அதற்குள் தைத்தவர் எழுதிய துண்டுச் சீட்டு.

தொலைதூரத்தில் ஒருவர் இந்தத் துணியைக் காசு கொடுத்து வாங்கிச் சுவரில் மாட்டுவது எப்படி அந்தப் பெண்களோடு தோழமையாகும், அது தர்மம்தானே என்று கேட்கலாம். தர்மம் வாங்குபவர் தன் கதையைச் சொல்லியாக வேண்டியதில்லை. இங்கே தைத்தவர் பெற்றது உழைப்புக்குக் கூலி. வாங்கியவர் பெற்றது ஒரு வாக்குமூலம். வெறும் அலங்காரப் பொருளென்றால், ஆட்சியை ஆதரித்த பத்திரிகைகள் இவற்றை அவதூறு என்று சாடியிருக்கத் தேவையில்லை. சந்தை கலையை மழுங்கடிக்கும் என்ற கவலையில் உண்மை இருக்கிறது: 1990இல் மக்களாட்சி திரும்பிய பிறகு, சுற்றுலாப் பயணிகளுக்கென அறுவடையும் திருவிழாவுமாக இனிய காட்சிகள் பெருகின. துணிகள் சர்வாதிகாரத்தைக் கவிழ்க்கவில்லை என்பதும் சரியே. ஆனால் மறுக்கப்பட்ட ஒன்றை, நடந்தது நடந்ததுதான் என்று கடல் கடந்தும் நிலைநாட்ட அவற்றால் முடிந்தது. சாந்தியாகோவில் 2010இல் திறக்கப்பட்ட நினைவு அருங்காட்சியகம், அந்தக் கொடுமைகளின் சான்றுகளோடு இந்தச் சாக்குத் துணிகளையும் காத்து வருகிறது.