இமயத்தைத் தீட்டிய ஓவியர் ரோரிச்: பெங்களூரு தோட்டம் அரசு வசமானது எப்படி?

பெங்களூரு: நீலசந்திரா போன்ற நெரிசல் மிகுந்த பகுதிகளைக் கடந்து, கனகபுரா சாலையில் தென்மேற்கே பயணித்தால் தாதகுணி தோட்டம் வருகிறது. மரங்கள் அடர்ந்த இந்த 468 ஏக்கர் நிலத்தில்தான் ரஷ்யாவில் பிறந்த ஓவியர் ஸ்வெதோஸ்லாவ் ரோரிச் தமது மனைவி தேவிகா ராணியுடன் வாழ்ந்தார். தாதாசாகேப் பால்கே விருதை முதன்முதலில் பெற்றவர் என்பதால், கணவரைவிட தேவிகா ராணியின் பெயரே பலருக்கும் நினைவில் உள்ளது.

யார் இந்த ரோரிச்?

1904ஆம் ஆண்டு செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் பிறந்தவர். தந்தை நிக்கோலஸ் ரோரிச்சும் புகழ்பெற்ற ஓவியரே. 1925 முதல் 1928 வரை லடாக், அல்தாய், மங்கோலியா, திபெத் வழியாக நிக்கோலஸ் தலைமையில் ஒரு குழு பயணித்தது. திபெத் பீடபூமியில் அக்குழு ஐந்து மாதங்கள் தடுத்து நிறுத்தப்பட்டது. கோடைக்கால கூடாரங்களில் கடுங்குளிரைக் கழித்ததில் உடன் வந்தோர் சிலர் உயிரிழந்தனர். சுமை விலங்குகளில் பெரும்பாலானவை மடிந்தன. அந்த மலைகளே பின்னர் அவரது நீல நிறச் சித்திரங்களாயின.

இதையடுத்து குலு பள்ளத்தாக்கின் நகர் கிராமத்தில் குடியேறிய இக்குடும்பம், 'உருஸ்வதி' இமாலய ஆய்வு நிறுவனத்தை நடத்தியது. அங்கு மகன் ஸ்வெதோஸ்லாவ் மலை மூலிகைகளை ஆராய்ந்தார். செடியை உற்று நோக்கிய அந்தப் பழக்கம் ஓவியத்தோடு நிற்கவில்லை. 1945ஆம் ஆண்டு தேவிகா ராணியை மணந்து, பின்னர் பெங்களூருவுக்குப் பெயர்ந்த அவர், தாதகுணியில் நறுமண எண்ணெய் தரும் லினலோ மரங்களை வளர்த்தார்.

தோட்டத்துக்கு நேர்ந்தது என்ன?

1993ஆம் ஆண்டு ரோரிச்சும், மறு ஆண்டு தேவிகா ராணியும் காலமாயினர். தம்பதிக்குக் குழந்தைகள் இல்லை. நகரம் விரிந்துகொண்டிருந்த திசையில் இருந்த இந்நிலத்தின் மீது உரிமைப் போட்டி எழுந்தது. 1996ஆம் ஆண்டு தனிச் சட்டம் இயற்றி கர்நாடக அரசு தோட்டத்தைக் கையகப்படுத்தியது. இதை எதிர்த்து தனியார் நிறுவனம் ஒன்று வழக்குத் தொடுத்தது. உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு, 2011 ஆகஸ்ட் 9ஆம் தேதி அச்சட்டம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது.

நிக்கோலஸின் ஓவியங்கள் 1979ஆம் ஆண்டிலேயே தேசியக் கலைச் செல்வங்களாக அறிவிக்கப்பட்டன. அவற்றை நாட்டைவிட்டு வெளியே கொண்டுசெல்ல இயலாது. மகன் நட்ட மரங்களுக்கு அத்தகைய உறுதி கிடைக்க மேலும் 32 ஆண்டுகள் ஆயின.

தந்தை, மகன் இருவரின் ஓவியங்களையும் பெங்களூரு குமாரகிருபா சாலையிலுள்ள கர்நாடக சித்ரகலா பரிஷத்தில் காணலாம்.